மேலே நடக்கும் பட்டுவாடா

"சனங்க காசு வாங்கிட்டுத்தானே ஓட்டுப் போடறாங்க." தேர்தல் நெருங்கினால் கோவையில் டீக்கடை முதல் மில் முதலாளி வீடு வரை இதே பேச்சுதான். பொய்யில்லை. 2016 மே மாதம் கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியில் பணப் பட்டுவாடா எல்லை மீறியதால் தேர்தலையே ஆணையம் ரத்து செய்தது. தஞ்சாவூருக்கும் அதே கதி. நவம்பரில் மறுபடி தேர்தல் நடந்தபோது, அரவக்குறிச்சியில் அ.தி.மு.க.வும் தி.மு.க.வும் பழைய வேட்பாளர்களையே நிறுத்தின. கூச்சமாவது பட்டிருக்கலாம்.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்கவே வாரக்கணக்கில் தறியை நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் ஓட்டுக்கு வரும் பணம் சில நாள் அடுப்பெரிய உதவும். வாங்குவது சரியென்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பட்டுவாடா நடப்பது வாக்குச்சாவடிக்கு வெகு தொலைவில்.

கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுமாதம் பட்டியல் வெளிவந்தபோது, நாட்டிலேயே அதிகப் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டினின் ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம் என்று தெரிந்தது. தொகை 1,368 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. அதற்கு முன் நம் பேருந்து நிலையங்களில் ஒலிபெருக்கி கட்டி 'இன்று குலுக்கல்' என்று கூவி விற்ற சீட்டை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். இன்று பிற மாநிலங்களில் வாங்குவோரும் அப்படித்தான். அந்தத் தொழிலில் சேர்ந்த பணத்தில் தி.மு.க.வுக்கு 500 கோடிக்கு மேல் போனது. லாட்டரி விற்பனை நடக்கும் மேற்கு வங்கத்தை அப்போது ஆண்ட திரிணமூல் காங்கிரஸுக்கும் ஏறக்குறைய அதே அளவு. பா.ஜ.க.வும் காங்கிரஸும் விடுபடவில்லை. கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம் சொன்ன சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று இது சட்டப்படி சரி. நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம்தான் நன்கொடை தரலாம் என்றிருந்த வரம்பை 2017-இல் எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கோடிகளைக் கொடுக்க முடிந்தது. பொருளாதார ஏற்றத்தாழ்வு அரசியல் ஏற்றத்தாழ்வாக மாறுவதைச் சுட்டிக்காட்டிய நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்தது. தறிக்காரருக்கும் ஓர் ஓட்டு, லாட்டரி அதிபருக்கும் ஓர் ஓட்டு. அமைச்சர் வீட்டுக் கதவு மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலத் திறப்பதில்லை.

பத்திரம் போனாலும் ஓட்டை அடைபடவில்லை. சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு 40 லட்சம் என்று வரம்பு உண்டு. கட்சிக்கு வரம்பே கிடையாது. அதற்கும் உச்சவரம்பு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் உங்கள் கட்சி பேசுமா என, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்திக் கேளுங்கள்.