கண் பேசும் நாடும் இதழ் பேசும் நாடும்

உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படும் திறத்தைத் தனி இயலாகவே வகுத்துரைத்தது தொல்காப்பியம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு என்பது மாணவர் அறிந்ததே. வள்ளுவரோ ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பைப் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலுமாக இருமுறை அமைத்தார். முகம் நோக்கி அகம் உணரும் அறிவு அரசவைக்கும் வேண்டும், அன்புடையார்க்கும் வேண்டும் என அவர் கருதினார் போலும்.

ஆனால் எழுத்துக்கு முகம் இல்லை. எழுதியவர் நகைத்தாரா, சினந்தாரா என்பதை மை சொல்வதில்லை. இக்குறையைத் தீர்க்கக் கணிப்பொறிக் காலம் கண்டறிந்த வழி, நிறுத்தக் குறிகளைக் கொண்டே முகம் வரைவதாகும். கையளவுக் கருவியில் நாள்தோறும் இத்தகைய முகங்களை அனுப்பும் நம் இளைஞர், இவை உலகப் பொதுமொழி என நம்புகின்றனர். அந்நம்பிக்கை சரியன்று என்பதே நம் கருத்து.

1982ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் ஒரு யோசனையை முன்வைத்தார். அங்குள்ளோர் கணிப்பொறிவழி எழுதிக்கொண்ட செய்திகளில் வேடிக்கைப் பேச்சை மெய்யென மயங்கிப் பூசலிடுவோர் இருந்தனர். எனவே வேடிக்கை எனின் :-) என்றும், வேடிக்கை அன்று எனின் :-( என்றும் குறித்தால் போதும் என்றார் அவர். தலையை இடப்புறம் சாய்த்து நோக்கினால் கண்ணும் மூக்கும் வாயும் தோன்றும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1986இல், ஜப்பானில் வேறொரு முகம் பிறந்தது. அது (^_^) என்பது. இதனைக் காணத் தலை சாய்க்க வேண்டுவதில்லை. நம்மை நேர்நின்று நோக்கும் முகம் அது. ஜப்பானியர் இவ்வகையைக் ‘காவோமோஜி’ என்றனர். ‘காவோ’ என்பது முகம். ‘மோஜி’ என்பது எழுத்து.

சாய்ந்த முகம், நிமிர்ந்த முகம் என்பது மேலோட்டமான வேறுபாடே. உற்று நோக்குவார்க்கு ஆழ்ந்த வேறுபாடு ஒன்று புலப்படும். மேலைநாட்டு முகங்களில் மகிழ்ச்சி துயரமாக மாறும்போது மாறுவது வாய் மட்டுமே. கண்ணாக நிற்கும் இரு புள்ளிகள் அசைவதில்லை. ஜப்பானிய முகத்திலோ மகிழ்ச்சி (^_^) எனவும், அழுகை (;_;) எனவும் நிற்கும். வாயாகிய கோடு இருந்தபடியே இருக்க, கண் மட்டும் மாறுகிறது. ஒரு நாட்டார் உணர்வை இதழில் எழுதினர். மற்றொரு நாட்டார் கண்ணில் எழுதினர்.

இது பண்பாட்டு வேறுபாடு அன்று, பொறியின் வேறுபாடே என வாதிடுவாரும் உளர். அமெரிக்கக் கணிப்பொறித் தரத்தில் அச்சிடத்தக்க குறிகள், வெற்றிடத்தையும் சேர்த்து, 95 மட்டுமே. ஜப்பானியர் 1978இல் வகுத்த தரத்திலோ ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட குறிகள் இருந்தன. கிரேக்க, ரஷ்ய எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். பிற்காலக் காவோமோஜிகளின் பெருக்கத்திற்கு இவ்வளம் துணை செய்தது உண்மையே. ஆயினும் (^_^) என்னும் முகத்தில் உள்ள குறிகள் அனைத்தும் அந்த 95க்குள் அடங்குவனவே. அமெரிக்கர் விரும்பியிருந்தால் அவ்வாறே வரைந்திருக்கலாம். அவர்கள் கண் சென்ற இடம் வேறு என்பதே நம் துணிபு.

ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாகி யூகி என்பாரும் அவர்தம் துணைவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண் ஓர் உணர்வையும் வாய் மற்றோர் உணர்வையும் காட்டும் முகங்களை இரு நாட்டு மாணவர்க்கும் காட்டியபோது, ஜப்பானியர் கண்ணுக்கும் அமெரிக்கர் வாய்க்கும் மிகுதியான மதிப்பளித்தனர். உணர்வை அடக்குதல் நாகரிகம் எனக் கொள்ளும் சமுதாயத்தில், எளிதில் அடக்கவியலாத கண்ணையே மக்கள் நாடுவர் என்பது அவர்கள் தந்த விளக்கம். 2009இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் ஜாக் என்பாரும் பிறரும் நிகழ்த்திய ஆய்வில், கிழக்காசியர் கண்ணிலேயே பார்வையை நிறுத்தினர். அதனால் அச்சத்தை வியப்பாகவும், அருவருப்பைச் சினமாகவும் சில வேளை மயங்கிக் கொண்டனர். மேலைநாட்டார் பார்வையோ முகம் முழுவதும் பரவிச் சென்றது.

இவ்வேறுபாடு வாழ்வைத் தொடுவதையும் நாம் கண்டோம். நம்மிடம் பயின்று, இன்று ஜப்பானில் பணிபுரியும் மாணவர் ஒருவர் விடுமுறையில் நம் இல்லம் வந்தபோது கூறியது இது. குறித்த நாளில் முடிக்க இயலாத ஒரு பணிக்குத் தவணை வேண்டி உடன்பணியாளர்க்கு எழுதினாராம். சுருக்கமான மறுமொழியின் இறுதியில் (^_^;) என்றிருந்தது. “சிரிக்கிறார், இசைந்துவிட்டார் என்று நிம்மதியாக உறங்கிவிட்டேன் ஐயா” என்றார் அவர். முகத்தருகே நின்ற சிறு குறி நெற்றியிலிருந்து வழியும் வியர்வைத் துளி என்பதையும், அஃது இசைவன்று, மறுக்க நேர்ந்ததால் உண்டான சங்கடம் என்பதையும் மறுநாள்தான் உணர்ந்தாராம். நல்லிணக்கம் ஒன்று முறியும் நிலைக்குச் சென்று மீண்டது. மொழியைக் கற்றவர்தாம் அவர், முகத்தைக் கற்றிருக்கவில்லை.

இன்று நிறுத்தக் குறிகளின் இடத்தை வண்ணப் படங்கள் பெரிதும் பிடித்துவிட்டன. 1999இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா 176 சிறு படங்களை வகுத்தார். ‘எ’ என்பது படம், ‘மோஜி’ என்பது எழுத்து. ‘எமோஜி’ என்பது படவெழுத்து. 2010இல் ஒருங்குறித் தரம் எமோஜிகளை நூற்றுக்கணக்கில் ஏற்றுக்கொண்டது. இனி வேறுபாடு ஒழிந்தது எனப் பலர் எண்ணினர். ஒழிந்ததா? மூக்கிலிருந்து ஆவி சீறும் முகம் ஒன்று உண்டு. ஒருங்குறி அதற்கு இட்ட பெயர் வெற்றிப் பார்வை கொண்ட முகம் என்பதாம். மேலைநாட்டார் பலரோ அதனைச் சினமுகமாகவே கொண்டு அனுப்புகின்றனர். தொல்காப்பியர் வகுத்த எட்டனுள் பெருமிதம் வேறு, வெகுளி வேறு அல்லவா? ஒரே படம் ஒரு நாட்டில் பெருமிதமாகவும் மற்றொரு நாட்டில் வெகுளியாகவும் நிற்கிறது. படத்தைப் பொதுவாக்கலாம், பார்வையைப் பொதுவாக்கவியலாது.

இதனால் ஜப்பானியர் வாயைக் காணார் என்றோ, அமெரிக்கர் கண்ணை அறியார் என்றோ நாம் கூறவில்லை. 1881இலேயே ‘பக்’ என்னும் அமெரிக்க நகைச்சுவை இதழ், அச்செழுத்துகளால் நிமிர்ந்த முகங்களை ஆக்கிக் காட்டியதுண்டு. பார்வை என்பது பிறவிக் குணம் அன்று, பழக்கம். பழக்கமாதலின் கற்றுக்கொள்ள இயலும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை கடல் கடந்து பணிக்குச் செல்வீர். அங்கு வரும் மடலில் ஒரு முகம் இருந்தால், ‘இது நகைக்கிறது’ என உடனே முடிவு கட்டாதீர். அனுப்பியவர் எந்த மண்ணிலிருந்து எழுதுகிறார், அம்மண்ணில் உணர்வு எங்கே குடியிருக்கிறது என ஒரு கணம் நின்று எண்ணுங்கள். ஐயம் எழுந்தால் சொல்லால் கேளுங்கள். உங்கள் வருத்தத்தையும் நன்றியையும் ஒரு சிறு படத்தின் தலையில் மட்டும் சுமத்தாமல், ஒரு வரியேனும் எழுதுங்கள். குறிப்பறிதல் என்பது நம் குறிப்பைப் பிறர்மேல் ஏற்றுவது அன்று. பிறர் குறிப்பை அவர் நின்ற இடத்தில் நின்று உணர்வதாகும்.