வீடு கிடைத்த நாயும் வீசியெறிந்த கையும்

மீட்கப்பட்ட நாய்களின் படங்கள் இரண்டிரண்டாக வருகின்றன. முதற்படத்தில், மயிர் உதிர்ந்து விலா எலும்புகள் தெரிய வீதியோரத்தில் சுருண்டு கிடக்கும் ஓர் உயிர். இரண்டாவது படத்தில் அதே நாய் மினுமினுக்கும் உடலோடு யாரோ ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது. பார்ப்பவர்கள் நெகிழ்கிறார்கள், மீட்டவரை வாழ்த்துகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். நானும் இப்படங்களை விரும்பிப் பார்ப்பவன்தான். ஆனால், நீண்ட காலம் செய்திகளோடு மாரடித்தவனுக்கு ஒரு பழக்கம் விட்டுப்போவதில்லை: செய்தியில் விடுபட்டவர் யார் என்று தேடுவது. இவ்விரு படங்களுக்கும் முன்னால் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. அந்த நாயை வீதியில் கொண்டுவந்து விட்ட கையின் படம். அதை எவரும் வெளியிடுவதில்லை.

வீடு கிடைத்தால் தெருநாய் தேறிவிடும் என்பது வெறும் உருக்கக் கதையல்ல. மாத்தளை மாவட்டத்தில், றத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில் அப்படித் தேறிய பெட்டை நாயொன்றைக் கண்டேன். கோயில் வாசலில் யாரோ விட்டுச் சென்ற குட்டி அது. முதல் சில நாள்கள் கட்டிலுக்கடியை விட்டு வெளியே வரவில்லையாம். எல்லோரும் உறங்கிய பிறகே சோற்றில் வாய் வைக்குமாம். இப்போது கொழுந்து பறிக்கப் போகும் அந்த வீட்டு அம்மாவின் பின்னாலேயே மடுவம் வரை சென்று திரும்புகிறது. அதற்கு வெளிநாட்டு பிஸ்கற்றும் இல்லை, மெத்தையும் இல்லை. மிஞ்சிய சோறும், படுக்க ஒரு சாக்கும், பெயர் சொல்லி அழைக்கும் குரலுமே உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வீட்டார் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். நடமாடும் சிகிச்சை முகாமுக்குத் தூக்கிச் சென்று அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்திருக்கிறார்கள். அதன் தடுப்பூசி அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே உறையில் இருக்கிறது.

நாய் வளர்க்க வசதி வேண்டும் என்று சொல்வோர் அந்த உறையைப் பார்க்க வேண்டும். மாத்தளை நகரத்தில் பெரிய கேற்றும் மதிலும் கொண்ட வீடுகள் பல உண்டு. அவற்றுள் எத்தனை வீடுகளில் அப்படியோர் உறை இருக்கும்?

குட்டிகளை வீசுவோர் யார்? கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் நம்மைப் போன்ற மரியாதைக்குரிய குடும்பத்தினரே. பெட்டை நாயின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 63 நாள்கள். ஆண்டுக்கு இரு முறை ஈனக்கூடியது. ஒவ்வோர் ஈற்றிலும் நான்கைந்து குட்டிகள் சாதாரணம். கடுவன் குட்டிகளை அயலவர் கேட்டு வாங்கிச் செல்வர். பெட்டைக் குட்டிகளை எவரும் கேட்பதில்லை. எனவே அவை ஓர் இரவில் உரச்சாக்கில் கட்டப்பட்டு ஏ-9 வீதியோரத்திலோ, சந்தைக் கழிவுகளுக்கு அருகிலோ, கோயில் வீதியிலோ இறக்கப்படுகின்றன. கோயிலில் விட்டால் பாவமில்லை, யாராவது சோறு போடுவார்கள் என்பது நமது சமாதானம். தாய்ப்பால் மறவாத குட்டியைப் பாவோ வைரஸுக்கும் பஸ் சில்லுக்கும் கொடுத்துவிட்டு, அதற்குப் புண்ணியம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். வைரவரின் வாகனம் நாய் என்று கும்பிட்ட கைதான் அந்தச் சாக்கின் வாயையும் கட்டுகிறது.

சட்டம் என்ன செய்கிறது? இலங்கையில் விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அது விதித்த உச்சத் தண்டப்பணம் நூறு ரூபா. அன்று அது பெருந்தொகை. இன்று அத்தொகைக்கு ஒரு நேரச் சாப்பாடு கிடைக்காது. அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006 இல் விலங்கு நலச் சட்டமூலமொன்றை வரைந்தது. 2024 இல் ஆட்சி மாறியபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை. நாய்க்கு வாக்கில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே 2006 இல்தான், அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் பணிப்பின் பேரில், கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வது நிறுத்தப்பட்டது. அன்று முதல், 'கொன்றிருந்தால் இத்தொல்லை இராது' என்ற குரலும் ஓயவில்லை. இக்குரலுக்குப் பதில் சென்னையில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் நாய்களைக் கொன்றும் அந்நகரத்தில் நாய்கள் குறையவில்லை. 1959 இல் தொடங்கப்பட்ட புளூ குரொஸ் அமைப்பு, கருத்தடையே வழி என்று 1964 முதல் சொல்லி வந்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை காலமெடுத்தது. கொல்லாமல் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்போருக்கும் பதிலுண்டு. 2025 ஓகஸ்டில் டில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாள்களுக்குள் அவ்வுத்தரவைத் திருத்தி, விசர் பிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர்ந்த ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது.

'மனிதருக்கே வழியில்லை, நாய்க்கு என்ன வந்தது?' என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் கடிபடுவது யார்? வாகனத்தில் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையல்ல. தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து செல்லும் பிள்ளை. இலங்கையில் 1973 இல் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கான தடுப்பூசியும், கடிபட்டோருக்கு அரச மருத்துவமனைகள் வழங்கும் இலவச ஊசியும் இதைச் சாதித்தன. நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு. நாய்க்குச் செய்வது மனிதருக்கும் செய்வதே.

இனி, கடல்கடந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கைத் தெருநாயொன்றை ஐரோப்பாவுக்கு எடுத்துச் செல்ல மைக்ரோசிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, அதன் பின் மூன்று மாதக் காத்திருப்பு, விமானக் கட்டணம் எல்லாம் வேண்டும். ஓர் உயிருக்காக இவ்வளவு பாடுபடுவோரை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், அச்செலவில் மாத்தளையில் ஒரு தோட்டப் பிரிவின் பெட்டை நாய்கள் பலவற்றுக்குக் கருத்தடை செய்துவிடலாம். ஒன்றைப் பனிக்குள் கொண்டுபோய் வாழ வைப்பதா, பல நூறு குட்டிகள் சாக்கில் கட்டப்படாமல் தடுப்பதா? இயன்றவர்கள் இரண்டையும் செய்யட்டும். ஒன்றுதான் இயலுமென்றால் இரண்டாவதைச் செய்யுங்கள்.

இலங்கைக்குள் இருக்கும் நமக்கோ வேறொரு நோய். பணம் கொடுத்து லப்ரடோர் வாங்குவோம். வாசலில் நிற்கும் ஊர்நாயைப் 'பறை நாய்' என்போம். ஒரு மக்கட்பிரிவையும் ஓர் உயிரினத்தையும் ஒரே மூச்சில் இழிவு செய்யும் அச்சொல்லை, ஆங்கிலேயரும் நம்மிடமிருந்தே எடுத்துச் சென்றனர். இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய நாய் அதுவே என்பதை மறந்துவிட்டோம்.

நான் கேட்பது பெரிதல்ல. கருத்தடையோ, அதற்கான உறுதிமொழியோ இன்றி எவரும் எவருக்கும் நாய்க்குட்டி கொடுக்கலாகாது. பிரதேச சபைகள் ஆண்டுக்கொரு முறையேனும் தோட்டங்களுக்கு மிருக வைத்தியரை அழைத்துச் செல்ல வேண்டும். நாயைக் கைவிடுவது கண்டனத்தோடு முடியாமல், தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

அதுவரை அந்த இரு படங்களும் வந்துகொண்டேயிருக்கும். வீடு கிடைத்த நாயைக் கண்டு மகிழுங்கள். கூடவே, அதன் உடன்பிறந்த குட்டிகள் எங்கே என்றும் கேளுங்கள்.