குளிசை கொடுத்தால் கட்டுப்பாடு போய்விடுமா?

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கு மருந்து கொடுத்து உடலைத் தேற்றிவிட்டால், அவர்கள் பாதுகாப்பற்ற பாலுறவுப் பழக்கங்களுக்குத் திரும்பி நோயைப் பரப்புவார்கள் என்ற அச்சம் பலரிடம் உண்டு. கிராமங்களில் பணியாற்றும் நாமும் இதற்கு விலக்கானவர்களல்லர். ஆனால் அச்சம் வேறு, அனுபவம் வேறு.

கிழக்கு உகண்டாவின் தொரோரோ, புசியா மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். 2003இல் அங்கு தொடங்கிய திட்டமொன்றின் கீழ், பயிற்றப்பட்ட களப்பணியாளர்கள் வாராவாரம் மோட்டார் சைக்கிளில் வீடு தேடிச் சென்று மருந்து வழங்கினர். மருந்தோடு ஆலோசனையும், வாழ்க்கைத்துணைக்கு இரத்தப் பரிசோதனையும் கிடைத்தன. 926 பேரைப் பற்றிய ஆய்வு முடிவு 2006இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் ஆபத்தான உறவுகள் கூடவில்லை. 70 சதவீதம் குறைந்திருந்தன. அத்தகைய உறவுகளிற் பெரும்பாலானவை கணவன் மனைவிக்கிடையே நிகழ்ந்தவை என்பதும் தெரியவந்தது. ஆபத்து தெருவில் அலையவில்லை. வாய்திறந்து பேசாத வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மருந்தின் பங்கும் பெரிது. ஒழுங்காக உட்கொண்டால், இரத்தத்திற் கண்டறிய முடியாத அளவுக்குக் கிருமி குறையும். அந்நிலையில் உள்ளவரிடமிருந்து பாலுறவு மூலம் எச்.ஐ.வி. தொற்றாது. ஐரோப்பாவின் 14 நாடுகளில், ஒருவருக்கு மாத்திரம் தொற்றிருந்த 888 சோடிகளைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ஆணுறையின்றி உறவுகொண்டபோதும், சிகிச்சை பெற்ற துணையிடமிருந்து ஒருவருக்கேனும் தொற்றவில்லை.

ஆயினும் அந்நிலையை எட்ட ஆறு மாதம் வரை செல்லலாம். பரிசோதனையே அதை உறுதிசெய்யும். குளிசையை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். சிபிலிசு, கொனோரியா போன்ற நோய்களை இக்குளிசை தடுக்காது. அவற்றின் ஆபத்தைக் குறைப்பது ஆணுறையே. இவற்றை மறைக்காமற் சொல்வது நமது கடமை.

இலங்கையில் அரச சிகிச்சை நிலையங்களில் இம்மருந்து இலவசம். ஆனால் ஊரார் கண்ணுக்குப் பயந்து அங்கு போகாதிருப்பவருக்கும், மனைவிக்குச் சொல்ல அஞ்சிக் குளிசையை ஒளித்து வைத்து வேளை தவறவிடுபவருக்கும் இலவச மருந்தால் என்ன பயன்? இங்கே ஆபத்தை வளர்ப்பவர் யார்? அவர் மட்டுமா, அவரை வாய்திறக்க விடாத நாமுமா?

பொறுப்போடு நடக்கும்படி அவர்களிடம் கேட்கிறோம். கேட்பது சரியே. ஆனால் அந்தப் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு. கேட்ட இரகசியத்தைக் காப்போம். சிகிச்சைக்குப் போகத் தயங்குபவருடன் துணைக்குச் செல்வோம். கணவனும் மனைவியும் அமர்ந்து பேச இடம் கொடுப்போம். தொரோரோவின் களப்பணியாளர் வீடு வீடாகக் கொண்டு சென்றது குளிசையை மட்டுமல்ல, நம்பிக்கையையும்தான்.