எரிசக்தி மேற்படிப்பு கிணற்றடிக்கு வரட்டும்

எரிசக்தியில் மேற்படிப்பு என்றதும் காற்றாலையும் சூரிய மின்தகடுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. விவசாயத்துக்கும் இப்படிப்புக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோரும் உண்டு. இந்த எண்ணம் மாற வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. எரிசக்திச் சிக்கனத்துக்கு இவற்றைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பொறியியலில் எம்.டெக்., பிஎச்.டி. படிப்புகள் நடைபெறுகின்றன. சாண எரிவாயு, சூரிய உலர்த்தி போன்றவற்றில் ஆய்வுகள் நடப்பது பாராட்டத்தக்கது. ஆனால் சக்தியை உண்டாக்குவது பாதி வேலை. உண்டாக்கியதை வீணாக்காமல் இருப்பது மறுபாதி. இந்த மறுபாதியைக் கற்கும் இடம் கிணற்றடியே.

திருவண்ணாமலை மாவட்டம் தெள்ளார் வட்டாரத்தில் நெல்லும் மணிலாவும் பயிராகும் ஒரு கிணற்றை எடுத்துக்கொள்ளலாம். 200 லிட்டர் பீப்பாய் 20 நொடியில் நிறைந்தால், பம்பு நொடிக்கு 10 லிட்டர் இறைக்கிறது என்று பொருள். இந்தத் தண்ணீரை 20 மீட்டர் ஏற்றுவதற்குத் தேவையான சக்தி சுமார் 2 கிலோவாட். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 50 சதவிகிதத் திறனில் இயங்கினால் 4 கிலோவாட் செலவாகும். திறன் 30 சதவிகிதமாகக் குறைந்தால் ஆறரை கிலோவாட் செலவாகும். 6 மணி நேர இறைப்பில் மட்டும் சுமார் 15 யூனிட் வீண்.

இந்த இழப்புக்குக் காரணங்கள் எளியவை. கிணற்றின் ஆழத்துக்குப் பொருந்தாத பம்பு, குறுகிய குழாய், தேவையற்ற வளைவுகள், அடைபட்ட புட்வால்வு, பலமுறை காயில் கட்டிய மோட்டார் ஆகியவையே அவை. அதே அளவு தண்ணீருக்கு இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக மாற்றினால் உராய்வு இழப்பு பாதிக்கும் கீழாகக் குறையும்.

1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் அனைத்து விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. உழவருக்கு இது பெரும் உதவி. ஆயினும் பில் வராததால் வீணாவது கண்ணில் படுவதில்லை. மோட்டார் எரிந்து காயில் கட்டக் கொடுக்கும்போதுதான் உழவரின் கைப்பணம் கரைகிறது. மற்ற சுமையை அரசு ஏற்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. திறன்மிக்க பம்பு வந்தால் அதே நேரத்தில் அதிகத் தண்ணீர் வெளியேறும். சூரிய பம்பிலும் இறைப்பதற்குச் செலவில்லை. பாசனம் மாறாமல் பம்பு மட்டும் மாறினால் மின்சாரம் மிஞ்சும், கிணறு வற்றும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதையும், சொட்டு நீர்ப் பாசனத்தையும் எரிசக்தி மாணவர் கற்க வேண்டியது இதனால்தான். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு இருப்பதன் சிறப்பும் இதுவே.

பம்பை அளப்பது மெக்கானிக் வேலை, ஆராய்ச்சி ஆகாது என்று சிலர் கூறலாம். ஒரு பம்பை அளப்பது மெக்கானிக் வேலையாக இருக்கலாம். நூறு கிணறுகளில் மின்சாரம், நீர்மட்டம், விளைச்சல் மூன்றையும் ஒரே பருவத்தில் அளந்து, எந்த மாற்றம் எந்தக் கிணற்றுக்கு ஏற்றது என்று கூறுவது ஆராய்ச்சியே.

ஆகவே எரிசக்தியில் எம்.டெக். பயிலும் ஒவ்வொருவரும் ஒரு சாகுபடிப் பருவத்தை ஒரு வட்டாரத்தில் கழிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆரணிப் பகுதியில் பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்புகளையும் இந்த ஆய்வில் சேர்க்கலாம். முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, கிணற்றுக்குரியவரிடம் கொடுத்த பின்பே பட்டம் வழங்க வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் பட்டம் பெற்ற தம் மக்களை, பெண்களானாலும் ஆண்களானாலும், இந்த மேற்படிப்புக்கு அனுப்ப விவசாயப் பெருமக்கள் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் கற்பது சொந்தக் கிணற்றுக்கும் பயன்படும்.