வாசி இல்லாத காசு

சென்ற மாதம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. பண்பான கடிதம்தான், ஆனால் கோபமான கடிதம். என் தொடர்கதையின் நாயகி முதல் வாரத்திலிருந்து விளக்கேற்றிக் கும்பிட்டாளாம். கடைசி வாரத்திலும் அவள் கஷ்டம் தீரவில்லையாம். "நம்பினவர்களைக் கடவுள் கைவிடுவதில்லை என்று முடித்திருக்கக் கூடாதா? பக்தியை இப்படியா அவமதிப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

அவமதிப்பது யார் என்பதைத்தான் நானும் கேட்கிறேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு பணக்கார மாமாவை ரயிலேற்றி வரவழைப்பது எனக்குப் பெரிய காரியமல்ல, அரைப்பக்க வேலை. ஆனால் மாமா வந்தால்தான் கடவுள் வாக்குத் தவறாதவர் என்றால், மாமா வராத வீடுகளில் அவர் யார்? இந்த நாட்டில் மாமா வராத வீடுகளே அதிகம்.

அப்படி ஒரு வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. 2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், எதிர்வீட்டுக்காரர் போய்விட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், வாடகை வீடு. சில வாரங்கள் கழித்துத் துக்கம் கேட்கப் போனேன். எனக்கு முன்பே நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, "கவலைப்படாதேம்மா, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். என் முறை வந்தது. நானும் அதையே சொன்னேன். எழுதிப் பிழைக்கிறவன், எனக்கும் வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அது எனக்குத் தெரியும் அண்ணா. தினமும் ராத்திரி நானே சொல்லிக்கிறேன். உங்களால முடிஞ்சா நாளைக்கு நகராட்சி ஆபீசுக்குத் துணைக்கு வரீங்களா? சான்றிதழ்ல அவர் பேரைத் தப்பா எழுதியிருக்காங்க."

எனக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அப்படி இருந்தது. அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த நம்பிக்கை. அதையே எடுத்து, ஏதோ நாங்கள் கொண்டுவந்த சீர்வரிசை போல, அவளுக்கே வழங்கிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டோம். ஏழையின் உண்டியலை உடைத்து அவனுக்கே தர்மம் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யோபுவின் கதையை எல்லா மதத்தாரும் ஒருமுறை படிக்க வேண்டும். மக்களையும் மந்தைகளையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான் அவன். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். அப்புறம் வாயைத் திறந்தார்கள், கெட்டது. கடவுள் அநியாயம் செய்யமாட்டார், ஆகையால் நீதான் ஏதோ தப்புச் செய்திருக்கிறாய், மனம் திரும்பு, எல்லாம் சரியாகும் என்று பிரசங்கம் செய்தார்கள். யோபுவோ கடவுளிடமே வழக்காடினான். கடைசியில் கடவுள் யோபுவையும் சும்மா விடவில்லை. பெருங்காற்றின் நடுவிலிருந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். ஆனால் அவர் கோபம் மூண்டது யார்மீது? தம் பக்கம் வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள்மீது! வழக்காடியவன்தான் சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாயிற்று.

"யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்ததே!" என்று வாசகி கேட்கலாம். கிடைத்தது. ஏழாயிரம் ஆடு பதினாலாயிரமாயிற்று. புதிதாகப் பத்துக் குழந்தைகளும் பிறந்தார்கள். முன்பு இறந்துபோன பத்துப் பேர்? அவர்கள் திரும்பி வந்ததாக அந்தப் புத்தகம் சொல்லவில்லை. அந்தத் தகப்பன் எஞ்சிய காலத்தை அந்த இழப்போடுதான் கழித்திருப்பான். மங்களம் பாடி முடித்த கதை அல்ல அது.

நம் கதைக்கே வருவோம். திருவாரூர் மாவட்டத்தில் திருவீழிமிழலை என்ற ஊர் இருக்கிறது. அங்கே அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்தபோது கொடிய பஞ்சம் வந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு கோயில் பீடத்தில் வைத்தார். கவனியுங்கள்: ஒரு மூட்டைப் பொன் அல்ல, நாளுக்கு ஒரு காசு. நாளைய காசு நாளைக்குத்தான். இன்றிரவு படுக்கப் போகும்போது அந்த அடியார்கள் கையில் நாளைக்கு என்று எதுவும் கிடையாது. கொடுத்தவன் கொடுப்பான் என்ற எண்ணம் மட்டும்தான். நம்பிக்கை என்பது இதுதான். எதிர்காலத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டவனுக்கு நம்பிக்கை எதற்கு?

அந்தக் காசும் தானாகச் சோறாகிவிடவில்லை. ஒருவர் கடைத்தெருவுக்கு ஓடினார். ஒருவர் உலை வைத்தார். ஒருவர் இலை போட்டார். இன்னொன்றையும் சேக்கிழார் சொல்கிறார். சம்பந்தர் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்டார்கள், அதாவது வட்டம் பிடித்தார்கள். அப்பர் காசு வாசி இல்லாமல் செல்லுபடியாயிற்று. காரணம், அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர். பிறகு சம்பந்தர் பாடி, வாசியில்லாத காசு பெற்றார் என்பது கதை.

"கடவுள் கைவிடமாட்டார்" என்ற சொல்லும் பொற்காசுதான்; கள்ளக்காசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அதற்கு வட்டம் உண்டு. துன்பப்படுகிறவள் இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது முழு விலை போகும். வரிசையில் அவளோடு கால்கடுக்க நின்றவன் சொன்னாலும் போகும். காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறவன் சொன்னால் எந்தக் கடையிலும் அது செல்லாது.

பகுத்தறிவு பேசும் நண்பர் ஒருவர், "இவ்வளவுக்குப் பிறகும் கும்பிடுகிறாளே, பேதை!" என்று அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் என்னிடம் பதில் உண்டு. அவரும் நகராட்சி வரிசையில் நிற்கவில்லை. இவர் நம்பு என்கிறார், அவர் நம்பாதே என்கிறார். இருவரும் திண்ணையிலிருந்தேதான் சொல்கிறார்கள். மறுநாள் காலை எழுந்து குழந்தைக்குத் தலைபின்ன எந்தத் தெம்பு அவளை எழுப்பியதோ, அதை எடைபோட நாம் யார்?

நகராட்சி ஆபீசுக்கு மூன்று முறை போனோம். பெயர் திருத்தப்பட்டது. இப்போது அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். வாடகை சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். கஷ்டம் தீர்ந்ததா? தீரவில்லை. விளக்கு? சாயங்காலம் ஆறு மணிக்கு என் ஜன்னலிலிருந்து தெரிகிறது.

வாசகி அவர்களே, உங்களுக்குப் பிடிக்காத அந்த முடிவை நான் கற்பனை செய்யவில்லை. எதிர்வீட்டைப் பார்த்து எழுதினேன். உங்கள் தெருவிலும் எதிர்வீடு ஒன்று இருக்கும். அந்தக் கதை எப்படி முடியவேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால், ஒரு நடை அங்கே போய்விட்டு வாருங்கள்.