தானியச் சேமிப்பும் வாசனைத் தைலங்களும்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும், தாமிரபரணிக் கரையிலுள்ள பிற ஊர்களிலும், தானியத்தைப் பானையிலும் குதிரிலும் கொட்டுமுன் நொச்சித் தழை இடுதலும், விதைப் பயற்றில் வசம்பு சேர்த்தலும் குடியானவர்கள் அறிந்த முறைகளே. இவற்றின் குணத்திற்குப் பெரிதும் காரணம் அத்தாவரங்களில் அமைந்துள்ள, எளிதில் ஆவியாகும் வாசனைத் தைலமாகும். எனினும், தாவரத்தினின்று கிடைப்பது எதுவாயினும் தீங்கற்றது என்னும் எண்ணம் பிழையானது.

பிசான அறுவடைக்குப்பின் வயலில் விளையும் உளுந்தை நோக்குக. பயற்று வண்டு வயலிலேயே நெற்றின்மேல் முட்டையிடும். களஞ்சியத்தில் மணிகளின்மேலும் இடும். புழு மணியைத் துளைத்து உட்புகுந்து வளர்ந்து, வண்டாகி வெளிவருகிறது. தைலத்தின் ஆவி வெளியே திரியும் வண்டை விரட்டும், சில சமயம் கொல்லும். மணிக்குள் மறைந்த புழுவை எட்டுவது அரிது. அன்றியும், மூடாத பாத்திரத்தில் ஆவி விரைவிற் போய்விடும். வேப்பெண்ணெயோ ஆவியாகாது தங்குவது. 1 கிலோ விதைக்கு 10 மில்லி வீதம் பூசினால் முட்டைகள் மூச்சடைத்து அழியும். ஆயினும் அதன் கசப்பு உணவுக்கு ஒவ்வாது.

வசம்பின் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அவசியம். இந்திய வசம்புத் தைலத்தில் மிகுந்துள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள் வண்டுகளை மலடாக்கும். அதுவே எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகக் கண்டு, அமெரிக்க அரசாங்கம் 1968-ஆம் வருஷத்தில் வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடுத்தது. ஆதலின் வசம்பு விதைக்கு மட்டுமே உரியது. அவ்விதையைப் பின்னர்ச் சமையலுக்கு எடுத்தலாகாது.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டினுள் வைப்பது உயிருக்கே ஆபத்து. அதன் புகைக்கு அஞ்சாத வண்டினங்களும் பல தேசங்களில் தோன்றியுள்ளன. எனவே தைலங்களை நாடுதல் நியாயமே. ஆனால் அவை துணையே யன்றிக் காவலல்ல. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 12, பயற்றின் ஈரம் 10 என்னும் அளவிற்கு மேற்படாமல் உலர்த்துதலே முதற்காவல். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட இப்பள்ளத்தாக்கில் ஈரத்தின் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

நன்கு காயவைத்து, ஆறியபின் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்து, உணவுக்கு வேறு, விதைக்கு வேறு எனப் பெயரெழுதி வைப்பதே விவேகம். வெயிலில் உலர்த்தச் சோம்பியவனை எத்தைலமும் காவாது.