விருந்தும் மருந்தும் மூன்று நாள், நாலாம் நாளிலிருந்து?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வைத்தார்கள். அதைச் சொன்னவர்கள் காலத்தில் விருந்தாளி மாட்டு வண்டியில் வந்தார், பிறகு பாசஞ்சர் ரயிலில் வந்தார். நாலாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதில் அவருக்கும் கஷ்டமில்லை, வீட்டுக்காரருக்கும் கஷ்டமில்லை. விசா வாங்கி, டிக்கெட் எடுத்து, திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் வந்து இறங்கும் அப்பா அம்மாவை நாலாம் நாள் அனுப்ப முடியுமா? விமான நிலையத்தில் 30 நாள் அனுமதி கொடுத்தால் 28 நாளாவது இருந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். மூன்று நாள் பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது நாளைச் சமாளிக்கப் பார்க்கிறோம். அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

1993 முதல் 2015 வரை 22 ஆண்டுகள் நான் சிங்கப்பூரில் இருந்தேன். எங்கள் வீட்டில் வந்து தங்கியவர்களை என் மனைவி மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். 41 தடவை. உறவு, நட்பு, நண்பரின் சம்பந்தி என்று எல்லாரும் அதில் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பிள்ளை வீட்டுக்கு வரும் பெரியவர்களை மூன்று நாளுக்கு மேல் விருந்தாளியாக வைத்திருக்கவே கூடாது. நாலாம் நாள் அவர்கள் கையில் வீட்டுச் சாவி ஒன்று, பேருந்து அட்டை ஒன்று, செய்வதற்கு ஒரு வேலை, இந்த மூன்றையும் கொடுத்துவிட வேண்டும்.

போன வாரம் நடைப்பயிற்சியின்போது இதைச் சொன்னேன். கூட வந்த நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார், பெத்தவங்கள வேலை வாங்கச் சொல்றீங்களா?" என்றார். ஆமாம், அதைத்தான் சொல்கிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். வந்த முதல் சனி, ஞாயிறில் சுற்றிக் காட்டுவார்கள். மெர்லயன் சிங்கம், செந்தோசா, இரவு விலங்குத் தோட்டம், அப்புறம் முஸ்தபா. பெரியவர்கள் மூட்டு வலியோடு நடந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஜூரோங் பறவைப் பூங்காவுக்கு மட்டும் நான் பதினோரு முறை போயிருக்கிறேன். அங்கிருந்த கிளிகளுக்கே என் முகம் பழகியிருக்கும். (1971இல் திறந்த அந்தப் பூங்காவை 2023 ஜனவரியில் மூடிவிட்டார்கள். பறவைகள் மண்டாய் பக்கம் புது இடத்துக்குக் குடிபோய்விட்டன.) இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவை இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும். திங்கட்கிழமை வருமே, அதற்கு யாரும் ஏற்பாடு செய்வதில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான். அம்மா அப்போதுதான் எழுந்திருப்பார். ஊரில் ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கிறவருக்கு இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்கலாம். உடம்பு இன்னும் ஊர்க் கணக்கில்தான் இருக்கிறது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே ஏழரை என்றால் நமக்கு ஐந்து. தவிர அங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஏழு மணியை ஒட்டியே மறைகிறது. பூமத்திய ரேகைக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் ஊர் அது. மார்கழியில் சின்னப் பகல், ஆனியில் பெரிய பகல் என்ற பேச்சே கிடையாது.

இதன் மறுபக்கம் இரவில் தெரியும். இரவு பதினோரு மணிக்கு மகனுக்குக் கண் சொக்கும். அம்மாவுக்கு அப்போது எட்டரை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நேரம் அது. ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். மகன் "உம்" கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவான். மறுநாள் அம்மா பேச்சைக் குறைத்துக்கொள்வார். யார் மேலும் தப்பில்லை. கடிகாரம் செய்கிற வேலை.

அப்புறம் அந்த வெயில். திருச்சியில் 40 டிகிரியில் பிறந்து வளர்ந்தவர்கள் அங்கே 32 என்றால் சிரிப்பார்கள். இரண்டு நாளில் சிரிப்பு நின்றுவிடும். நம் ஊர் வெயிலில் வியர்வை காயும், அங்கே காயாது. இரவிலும் வெக்கை பெரிதாகக் குறையாது. ஊரிலிருந்து கட்டி எடுத்துக்கொண்டு வந்த அப்பளம் நாலு நாளில் துணி மாதிரி வளையும். எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும் என்று போனில் கேட்பார்கள். எல்லா மாதமும் ஒன்றுதான் என்பேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை கூடுதல், அவ்வளவுதான். சில வருடங்களில் சுமத்ராவில் காடு எரியும் புகை வந்து சேரும். 2013 ஜூன் 21 அன்று காற்று மாசுக் குறியீடு 401 வரை ஏறியது. அந்த வாரம் எங்கள் வீட்டில் மச்சினர் குடும்பம் தங்கியிருந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு பல்லாங்குழி ஆடினோம். எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த வாரம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

நண்பர் ஒருவரின் அப்பா கதை இது. ஊரில் அரிசி மண்டி வைத்து நடத்தியவர். காலையில் கடை திறந்தால் நூறு பேருடன் பேசுகிற மனிதர். மகன் மேல் உயிர், மகனுக்கும் அப்படித்தான். பன்னிரண்டாம் மாடி வீடு. ஏர்கண்டிஷனர், தமிழ் டிவி, ஃபிரிட்ஜில் சாப்பாடு, எல்லாம் தயார். "வெளியே போக வேண்டாம்ப்பா, வழி தெரியாம போயிடும். சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மகன் சொல்லியிருந்தான். பாசத்தில் சொன்னதுதான். பதினோராம் நாள் பெரியவர் டிக்கெட்டை மாற்றச் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, தென்னைக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்றாராம். என்னிடம் மட்டும் விமான நிலையத்தில் சொன்னார்: "தம்பி, ஜெயில்ல கூடப் பக்கத்து அறையில பேச ஆள் இருக்கும்." அதற்குப் பிறகு அவர் அந்த ஊருக்கு வரவே இல்லை.

என் அம்மா 2004இல் வந்தார், 67 வயதில். நாங்கள் இருந்தது தோ பாயோவில், பழைய வீவக கட்டடம். அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் கட்டடங்களில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் 1, 5, 9 மட்டும்தான். எங்கள் வீடோ நாலாவது மாடி. ஐந்துக்குப் போய் ஒரு மாடி இறங்கி வர வேண்டும். நாலாம் நாள் என் மனைவி அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, "அத்தை, இனிமே கீரை வாங்குறது உங்க பொறுப்பு" என்றாள். முதல் இரண்டு நாள் கூடப் போனாள். மூன்றாம் நாளிலிருந்து அம்மா தனியாகப் போனார். புளோக் எண் கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக எழுதியிருக்கும். தொலைந்து போக நினைத்தாலும் கஷ்டம். இருந்தாலும் முகவரியையும் எங்கள் போன் நம்பரையும் சீட்டில் எழுதி, சுருக்குப் பையில் போட்டுக் கொடுத்தோம்.

சந்தையில் கீரைக்காரர் சீனர். முளைக்கீரைக்கு மலாய் மொழியில் பாயாம் என்று பெயர். அம்மா கற்றுக்கொண்ட முதல் வெளிநாட்டுச் சொல் அதுதான். "ஒரு கட்டு பாயாம் குடுப்பா" என்று சுத்தத் தமிழில் கேட்பார், அவரும் கொடுப்பார். இரண்டாம் வாரம் பேருந்து அட்டையோடு தேக்கா சந்தைவரை போய்த் தேங்காய் வாங்கிவந்தார். அங்கே கடைக்காரர்கள் தமிழர்கள், கோயிலும் பக்கத்தில். வீரமாகாளியம்மன் கோயிலில் யாரோ கும்பகோணத்து அம்மாளைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். நான் அந்தக் கோயிலுக்குப் பத்து வருடமாகப் போகிறேன், ஒருவரிடமும் பேசியதில்லை.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியுடன் நட்பு எப்படி உண்டானது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அந்தப் பாட்டிக்குச் சந்தை மலாய் தெரியும், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். "சுடா மக்கான்?" என்று அவர் கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். "ஆச்சு, ஆச்சு" என்பார் அம்மா. எங்கள் வாசல் தொட்டியில் இருந்த கறிவேப்பிலை அங்கே போகும், அங்கிருந்து பாண்டான் இலை இங்கே வரும். தொட்டிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது, டெங்கு கொசு முட்டை வைக்கும், அதிகாரிகள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள் என்பதை அம்மாவுக்குச் சைகையில் சொல்லிக் கொடுத்ததும் அந்தப் பாட்டிதான். அம்மா குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைக்கும் ரகம். குழாயைத் திறந்தால் எப்போதும் வரும், அப்படியே குடிக்கலாம் என்று நான் பத்து முறை சொல்லியும் கேட்காதவர், பாட்டி சொன்னதும் கேட்டார்.

இதில் எனக்குக் கிடைத்தது என்ன என்றால், அம்மா ஊர் திரும்பிய பிறகுதான் அது தெரிந்தது. முன்பெல்லாம் போனில் "நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா, வெயிலா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிறகு அப்படியில்லை. அந்தக் கட்டடங்களில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப் போடுவோம். போனில் இடிச் சத்தம் கேட்டால் அம்மா திருச்சியிலிருந்து கத்துவார்: "டேய், மூங்கில உள்ள இழு மொதல்ல, அப்புறம் பேசலாம்." கீரைக்காரர் கடையை மாற்றிவிட்டாரா, பாட்டியின் முழங்கால் எப்படி இருக்கிறது, லிஃப்ட் நாலாவது மாடியில் நிற்க ஆரம்பித்துவிட்டதா என்றெல்லாம் கேட்பார். நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2009இல் அம்மா காலமாகும்வரை அந்தப் பேச்சு இருந்தது. செந்தோசாவைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

எல்லாருக்கும் இது ஒத்துவருமா என்றால், வராது. பார்வை மங்கியவர்கள், மறதி வந்தவர்கள், நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் புளோக்கின் கீழ்த்தளம்வரை தினமும் இறக்கி உட்கார வைக்கலாம். அங்கே கல் மேசை போட்டிருக்கும், காலையில் நாலு பெரியவர்கள் இருப்பார்கள். பேசாவிட்டாலும் மனித முகத்தைப் பார்க்கலாம். வேலை என்றதும் இன்னொரு தப்பும் நடக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றே அம்மாவை வரவழைத்து, பன்னிரண்டு மணி நேரம் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் சொல்வது அதுவல்ல. வேலை என்பது வாசலைத் தாண்டி வெளியே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும்.

மருமகள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுப்பது மகன், நல்ல பெயர் அவனுக்கு. காலை ஏழு மணிக்குள் மாமனார் மாமியாருக்கு மத்தியானச் சாப்பாடுவரை செய்து மூடி வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் மருமகள். முப்பது நாள் இப்படி ஓடினால் எந்தப் பெண்ணுக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். அந்தச் சுருக்கத்தை வைத்து ஊரில் வந்து ஆறு மாதம் பேசுகிறோம். கீரையும் தேங்காயும் மாமியார் வாங்கி, மத்தியானச் சமையல் அவர் கையில் போனால் பாதிப் பேச்சு இருக்காது.

நம் வாசகர்களில் பலர் இந்த வருடமும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புவீர்கள் என்று தெரியும். அவர்கள் சாவி கொடுக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். மகன் கேபிள் கார் டிக்கெட் எடுத்தால், அதற்குப் பதில் ஒரு நாள் அவன் வேலைக்குப் போகும் ரயிலில் கூடப் போய்த் திரும்பி வாருங்கள். பயணக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள், வெளிநாட்டவருக்கு அங்கே மருத்துவச் செலவில் சலுகை கிடையாது. மூட்டையைக் குறையுங்கள், நீங்கள் கட்டும் பொருளில் முக்கால்வாசி சிராங்கூன் சாலையில் கிடைக்கிறது. வாயில் போடும் புகையிலையும் கசகசாவும் அங்கே தடை செய்யப்பட்ட பொருள்கள். குருமாவுக்குக் கசகசா வேண்டும் என்று மருமகளே கேட்டாலும் எடுத்துப் போகாதீர்கள். முந்திரியை அரைத்து ஊற்றச் சொல்லுங்கள், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது.